35 நாள் மாசம்

ஒரு மாசத்துக்கு எத்தனை நாள்? கம்ப்யூட்டர் அசோசியேட்ஸ் கம்பெனியில் 35 நாள்!

சஞ்சய் குமார் இலங்கையில் பிறந்தவர். சின்ன வயசிலேயே அமெரிக்கா போனவர். நியூயார்க்கின் லாங் ஐலண்டில் இருந்த இந்த சாஃப்ட்வேர் கம்பெனியில் படிப்படியாக மேலே வந்து, 2000ல் சி.இ.ஓ. ஆனார். அதே வருஷம் நிறுவனர் சார்லஸ் வாங்கோடு சேர்ந்து நியூயார்க் ஐலண்டர்ஸ் ஐஸ் ஹாக்கி டீமை வாங்கினார். 1980 முதல் 1983 வரை தொடர்ந்து 4 தடவை ஸ்டான்லி கப் ஜெயிச்ச டீம், அப்போ பல வருஷமா பிளேஆஃப் பக்கமே போகல. 2002ல் மறுபடியும் போச்சு.

இதோட நிறுத்தினா நல்ல மோட்டிவேஷன் கதை. ஆனா மீதியும் இருக்கு.

காலாண்டு முடிஞ்ச பிறகும் கம்பெனியில் கணக்கை மூடாம சில நாள் திறந்தே வெச்சாங்க. அந்த நாட்களில் கையெழுத்தான ஒப்பந்தங்களுக்குப் பழைய தேதி போட்டு, முடிஞ்ச காலாண்டு வருமானத்தில் சேர்த்தாங்க. ஷேர் மார்க்கெட் எதிர்பார்த்த நம்பர் வந்துடும்! இப்படி முன்கூட்டியே காட்டின வருமானம் சுமார் 220 கோடி டாலர். விசாரணை வந்தப்போ அதையும் மறைக்கப் பார்த்தாங்க. 2004ல் குமாரின் பதவி போச்சு. 2006ல் குற்றத்தை ஒப்புக்கொண்டார். 12 வருஷ சிறைத் தண்டனை.

"கஸ்டமர் நிஜம், விற்பனை நிஜம், தேதி மட்டும்தானே?" என்று கேட்கலாம். நான் ஒத்துக்க மாட்டேன். அந்த நம்பரை நம்பித்தான் ஒருத்தர் தன் சேமிப்பைப் போட்டு ஷேர் வாங்குறார். அதுமட்டுமில்ல, அடுத்த காலாண்டு விற்பனையை இப்பவே எடுத்துட்டா, அடுத்த காலாண்டு பள்ளத்தில்தான் தொடங்கும். அதை மூட இன்னும் கொஞ்சம் எடுக்கணும். ஒரு தடவையோட நிக்காது.

ஐஸ் ஹாக்கியில் ஒரு பீரியட் 20 நிமிஷம். கடிகாரம் பூஜ்யம் ஆன பிறகு பக் கோட்டைத் தாண்டினா கோல் கிடையாது, டீம் ஓனர் யாரா இருந்தாலும் சரி.

புரொஃபஷனல் எத்திக்ஸ் பேப்பரில் சேலஞ்சர், செர்னோபில் எல்லாம் படிக்கிறோம். இந்த கேஸையும் சேர்க்கணும். ராக்கெட் விடுறதா வேண்டாமான்னு முடிவெடுக்கிற இடத்தில் நம்மில் எத்தனை பேர் உட்காரப் போறோம்? ஆனா வேலைக்குச் சேர்ந்த முதல் வருஷமே, "டெஸ்ட் நாளைக்கு முடிஞ்சுடும், ரிப்போர்ட்டில் இன்னைக்குத் தேதி போட்டுடு" என்று யாராவது சாதாரணமா சொல்லலாம். அப்போ முடியாதுன்னு சொல்றது கஷ்டம். அதனாலதான் அதை இப்பவே பேசி வெச்சுக்கணும்.