ஓலைக் கணக்கும் கணினியும்

பாட்டன் காலத்து ஓலையொன்றைப் பெட்டகத்திலிருந்து எடுத்துக்கொண்டு நியாயவாதியிடம் வருகிறார் கமக்காரர் ஒருவர். எழுத்தை ஒருவாறு வாசித்துவிடும் நாம், இலக்கத்தில் இடறுகிறோம். குடும்பத்தின் பங்கோ அந்த இலக்கத்திலேதான் இருக்கிறது!

“காணி” என்றால் எமக்கு நிலம். பழைய கணக்கிலோ அது எண்பதில் ஒரு பங்கு. “மா” இருபதில் ஒன்று. “முந்திரி” முந்நூற்றிருபதில் ஒன்று. ஒவ்வொன்றுக்கும் தனிக்குறி உண்டு.

கணினிகள் எழுத்தைப் பரிமாறும் ஒருங்குறி முறையில் தமிழ் இலக்கங்கள் 1991 ஆம் ஆண்டிலேயே இடம்பெற்றன. முன்னோர் முறையில் இல்லாத பூச்சியம் 2005 இல் சேர்ந்தது. பின்னக்குறிகளோ, அளவைக்குறிகள் முதலியனவும் கூடி 51 ஆக, 2019 இலேதான் ஏற்கப்பட்டன. சிங்களப் பழைய இலக்கங்கள் 2014 இல் ஏறின. 1815 ஆம் ஆண்டுக் கண்டி ஒப்பந்தத்தின் பிரிவுகளுக்கு இடப்பட்ட இலக்கங்கள் அவை. அதில் எமக்குப் பொறாமை இல்லை. அவர்களும் அவற்றை “இலக்கம்” என்றே அழைக்கிறார்கள்.

இடம் கிடைத்துவிட்டது, பயன்படுத்துவார் எங்கே? ‘௧’ என்னும் இலக்கத்துக்குப் பதிலாக ‘க’ என்னும் எழுத்தைத் தட்டிவிடுகிறோம். கண்ணுக்கு இரண்டும் ஒன்றே. கணினிக்கோ ஒன்று எண், மற்றது எழுத்து. பின்னர் தேடினால் அகப்படாது. இதனிலும் கேடானது ஒன்றுண்டு. ‘௰௨’ என்பது பன்னிரண்டு. குறிக்குக் குறி மாற்றுபவர் கையில் அது 102 ஆகிவிடும். பன்னிரண்டு பரப்பு நூற்றிரண்டு பரப்பானால் வழக்கு எத்தனை தலைமுறைக்கு நீளும் என்பதை யாழ்ப்பாணத்தாருக்கு நாம் சொல்லவேண்டியதில்லை.

1981 இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்டபோது, ஏறத்தாழ 97,000 நூல்களுடன் அரிய ஓலைச்சுவடிகளும் சாம்பராயின. எஞ்சியவை வீடுகளிலும் கோவில்களிலும் கிடந்து, கறையானுக்கும் ஈரத்துக்கும் இரையாகின்றன. நூலக நிறுவனம் போன்றோர் சுவடிகளைப் படம்பிடித்து வைக்கும் பணி போற்றத்தக்கது. ஆயினும் படத்துக்குள் தேடவோ கூட்டிப் பார்க்கவோ இயலாது. படத்தின் பக்கத்திலேயே வாசகம் வேண்டும். ஓலையில் உள்ள இலக்கம் உரிய குறியீட்டுடன் அப்படியே எழுதப்படவேண்டும். அதன் இன்றைய பெறுமதி அருகே தனியாக நிற்கவேண்டும். இரண்டையும் ஒன்றாகக் கலப்பது சாட்சியத்தைத் திருத்துவதற்கு ஒப்பாகும்.

அன்றாடக் கணக்கைப் பழைய இலக்கத்துக்கு மாற்றுமாறு நாம் கோரவில்லை. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் தமிழறிஞரும் கணினி வல்லுநரும் நொத்தாரிசுமாருடன் கூடி, ஓலையைப் பெயர்த்தெழுதுவதற்கு ஒரே விதியை வகுத்துத் தரவேண்டும். ஓலை வைத்திருப்போர் மாரி தொடங்குமுன் பெட்டகத்தைத் திறந்து, அவற்றைப் படம்பிடிக்க இடமளிக்கவேண்டும். மூல ஓலையை மட்டும் எவர் கேட்டாலும் கைவிட்டுக் கொடுத்துவிடாதீர்கள்.