நாரை சொல்லாத சேதி

ஓர் இனத்தின் மீது பேரழிவு நிகழ்ந்த பின்னர் அதனைப் பற்றி எழுதுவோர் பலர். இராஜதந்திரிகள் அறிக்கை எழுதுவர். வரலாற்றாசிரியர்கள் நூல் எழுதுவர். எம்மைப் போன்ற பத்திரிகையாளர்கள் செய்தி எழுதுவர். ஆனால், அவ்வழிவிலிருந்து தப்பி வந்த பாட்டியொருத்தி அடுக்களையில் முணுமுணுத்த பாட்டை யார் பதிவு செய்வது? ஆர்மேனிய வம்சாவளிப் பெண்கள் தமது மரபையும் புலப்பெயர்வையும் இசையாகவும் காட்சியாகவும் மேடைக்குக் கொண்டுவருவதைக் காணும்போது எழும் கேள்வி இதுவே.

மேடை ஆர்மேனியப் பெண்களுக்குப் புதிதன்று. 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் ஒஸ்மானியப் பேரரசின் தலைநகரில் நவீன நாடகம் தலையெடுத்தபோது முஸ்லிம் பெண்கள் மேடையேற இடமிருக்கவில்லை. அவ்விடத்தை நிரப்பியவர்கள் ஆர்மேனியப் பெண்களே. அருஸ்யாக் பாபஸியான் அவர்களுள் முன்னோடி. பின்னர் வந்த சிரானுஷ், ஹம்லெற் வேடத்தையே ஏற்று நடித்துப் புகழ்பெற்றவர். 1870களில் டிக்ரான் சுகாஜியான் இசையமைத்த இசை நாடகங்கள் இம்மரபுக்கு மேலும் வளம் சேர்த்தன. எனினும் ஒன்றைக் கவனித்தல் வேண்டும். நடித்தவர்களும் பாடியவர்களும் பெண்கள். எழுதியவர்களும் இசையமைத்தவர்களும் பெரும்பாலும் ஆண்கள்.

இவ்வேறுபாடு எத்துணை பாரதூரமானது என்பதற்கு அர்ஷாலுய்ஸ் மார்டிகானியனின் வாழ்க்கை சான்று. 1915இல் தொடங்கிய இனப்படுகொலையில் குடும்பத்தினரை இழந்து, கட்டாய நடைப்பயணத்திலிருந்தும் அடிமை வாழ்விலிருந்தும் தப்பி, 1917இல் அவர் நியூயோர்க்கை வந்தடைந்தபோது பதின்ம வயதுச் சிறுமி. அங்கே அவரது பெயர் 'அரோறா' என மாற்றப்பட்டது. அவர் சொன்ன கதையை ஆண் எழுத்தாளர் ஒருவர் 1918இல் நூலாக்கினார். 1919இல் ஹொலிவூட் அதனைத் திரைப்படமாக்கியபோது தன் துயரைத் தானே நடித்துக் காட்டும் நிலைக்கு அச்சிறுமி தள்ளப்பட்டார். படப்பிடிப்பின்போது அவரது கணுக்கால் முறிந்தது. பின்னர் ஊர் ஊராகப் படத்துடன் அழைத்துச் செல்லப்பட்டு அவர் தளர்ந்து வீழ்ந்தபோது, அவரைப் போன்ற தோற்றமுடைய பெண்களை அமர்த்தி நிகழ்ச்சியைத் தொடர்ந்தனர்.

அப்படம் அகதிகளுக்கான நிவாரண நிதி திரட்ட உதவியது என்பதை மறுப்பதற்கில்லை. அந்த நிதியால் அனாதைக் குழந்தைகள் பலர் உயிர் பிழைத்தனர். ஆயினும், கதைக்குரியவள் தன் கதையின் சொந்தக்காரியாக இருக்கவில்லை. அப்படத்தில் இன்று எஞ்சியிருப்பது சுமார் 20 நிமிடக் காட்சிகள் மட்டுமே. 2022இல் இன்னா சஹாக்கியான் என்ற ஆர்மேனியப் பெண் இயக்குநர், அர்ஷாலுய்ஸ் முதுமையில் அளித்த நேர்காணலையும் எஞ்சிய அக்காட்சிகளையும் ஓவிய அசைவுகளுடன் இணைத்து அவரது கதையை மீளச் சொன்னார். நூறாண்டுகள் கழித்தேனும் அவரது குரலிலேயே அது கேட்டது.

இசை மேடையில் இப்பணியைச் செய்து வருபவர்களுள் முக்கியமானவர் மேரி குயும்ஜியான். அமெரிக்காவில் வாழும் இவர் ஒரு பெண் இசையமைப்பாளர். இவரது குடும்பம் ஆர்மேனிய இனப்படுகொலை, லெபனான் உள்நாட்டுப் போர் என்ற இரு அழிவுகளையும் கண்டது. 2014இல் குரோனோஸ் என்ற நரம்பிசைக் கருவி நால்வர் குழுவுக்காக இவர் உருவாக்கிய 'பெய்ரூத்தின் குண்டுகள்' என்ற படைப்பில், போருக்குள் வாழ்ந்த உறவினர்களும் நண்பர்களும் பேசிய பேச்சு வாத்தியங்களோடு கலந்து ஒலிக்கிறது. 1976 முதல் 1978 வரையான காலத்தில் குடியிருப்பொன்றின் மாடத்திலிருந்து ஒலிப்பதிவு செய்யப்பட்ட உண்மையான குண்டுச் சத்தமும் அதில் உண்டு.

இனப்படுகொலையின் நூற்றாண்டான 2015இல் வெளிவந்த 'மௌன நாரைகள்' மேலும் ஆழமானது. ஊரைப் பிரிந்தவன் நாரையைப் பார்த்துத் தன் நாட்டுச் சேதி கேட்பதாக ஆர்மேனியரிடம் ஒரு பழைய பாடல் உண்டு. நாரை பதில் சொல்லாமலே பறந்துவிடும். நாரையைத் தூதனுப்பிப் பாடிய மொழிக்குச் சொந்தக்காரரான எமக்கு இப்பாடலின் உட்பொருளை விளக்க வேண்டியதில்லை. புலம்பெயர்ந்து அமெரிக்கா சென்ற ஸபெல் பனோஸியான் என்ற பாடகி 1917இல் கொலம்பியா நிறுவனத்துக்காக இதனை இசைத்தட்டில் பாடினார். ஊரில் உற்றார் அழிந்துகொண்டிருந்த காலத்தில் பாடப்பட்ட பாட்டு அது. அத்தகைய பழைய இசைத்தட்டுகளின் ஒலியும் உயிர் தப்பியோரின் சாட்சியங்களும் குயும்ஜியானின் படைப்பில் இடம்பெறுகின்றன.

கொலையையும் நாடுகடத்தலையும் பாட்டும் கூத்துமாக்குவது தகுமா என்று சிலர் கேட்கலாம். நியாயமான கேள்விதான். சாட்சியங்கள் ஆவணக் காப்பகத்தில் இருக்க வேண்டியவை, மேடையில் அல்ல என்பது அவர்கள் வாதம். ஆனால், அமெரிக்கக் காங்கிரஸின் இரு அவைகளும் 1915இன் கொடுமையை இனப்படுகொலையென ஏற்று 2019இல் தீர்மானம் நிறைவேற்றிய பின்னரும் துருக்கி அரசு அதனை ஏற்கவில்லை. ஆவணங்கள் குறைவு என்பதாலா இந்நிலை? ஆவணம் அறிவோடு பேசுகிறது. மூதாட்டி ஒருத்தியின் நடுங்கும் குரல் மண்டபத்தில் ஒலிக்கும்போது அங்கிருப்பவர் எவரும் அது நிகழவில்லை என்று சொல்லி எழுந்து போவது எளிதன்று.

வேறோர் ஆபத்தும் உண்டு. தன் காயத்தையே திரும்பத் திரும்பப் பாடும் இனம் ஒப்பாரிக்குள் சிறைப்பட்டுப் போகும். குயும்ஜியான் அச்சிறையைத் தாண்டியவர். அவரது 'காகிதப் பியானோக்கள்' ஆர்மேனியரின் கதையன்று. தலிபான்களுக்கு அஞ்சி, காகிதத்தில் பியானோக் கட்டைகளை வரைந்து சத்தமின்றி வாசிக்கப் பழகிய ஆப்கானிஸ்தான் கலைஞர் ஒருவரும் வேறு அகதிகளும் அதில் பேசுகிறார்கள். 2024இல் இசைக்கான புலிட்சர் பரிசின் இறுதிப் பட்டியலில் இப்படைப்பு இடம்பெற்றது. தன் பாட்டியின் துயரைக் கேட்கப் பழகிய செவி அயலான் துயரையும் கேட்கும் என்பதற்கு இதைவிட வேறென்ன சான்று வேண்டும்?

2023 செப்ரெம்பரில் நாகோர்னோ கரபாக்கிலிருந்து ஒரு இலட்சத்துக்கும் மேற்பட்ட ஆர்மேனியர் சில நாட்களுக்குள் வெளியேறினர். அவர்களுள் இருந்த மூதாட்டிகளின் பாட்டும் பேச்சுவழக்கும் நினைவும் நாளைய நாடகத்தின் மூலப்பொருட்கள். கிராமம் கிராமமாகச் சென்று பாடல் சேகரித்த கொமித்தாஸ் 1915இல் கைதாகி, மனம் சிதைந்து, 1935இல் பாரிஸில் மறைந்தார். அவர் சேகரித்தவற்றுள் ஒரு பகுதி தொலைந்தே போயிற்று. ஆகவே, பதிவு செய்வதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று எந்த அகதிச் சமூகமும் சொல்ல முடியாது.

உலகின் முதலாவது ஆர்மேனிய சஞ்சிகையான 'அஸ்தரார்' 1794இல் வெளிவந்தது எங்கே தெரியுமா? மதராஸ் பட்டினத்தில். ஹருத்யூன் ஷ்மாவோன்யன் என்ற மதகுரு அதனை அச்சிட்டார். சிதறிய இனம் எங்கு சென்றாலும் தன் எழுத்தைக் கொண்டு செல்லும் என்பதை அது காட்டிற்று. எழுத்தில் ஏறாத பாட்டை இன்று பெண்கள் கொண்டு செல்கிறார்கள். இதை வாசிக்கும் தமிழர் பலரது வீட்டில் பாடக்கூடிய பாட்டி ஒருவர் இன்னும் இருக்கக்கூடும். ஒலிப்பதிவுக் கருவி ஒவ்வொருவர் சட்டைப்பையிலும் இருக்கிறது. இந்த வார இறுதியில் அவரருகே சற்று அமருங்கள்.