அக்கு வேறு ஆணி வேறாய் ஒரு மகிழுந்து

ஆசிரிய நண்பர்களுக்கும் பெற்றோர்களுக்கும் இன்று ஒரு பழைய மகிழுந்தைப் பற்றிச் சொல்லப் போகிறேன். தமிழ்ப்பள்ளி ஆசிரியைக்கும் பழைய மகிழுந்துக்கும் என்ன தொடர்பு என்று நீங்கள் கேட்கலாம். தொடர்பு இருக்கிறது. பொறுமையாகப் படியுங்கள்.

கடந்த தீபாவளிக்குக் கிள்ளானில் முன்னாள் மாணவர் ஒருவரின் வீட்டிற்குச் சென்றிருந்தேன். சாதாரண வரிசை வீடுதான். வீட்டின் முன்னால், கூரையின் கீழ், நான்கு தாங்கிகளின் மேல் ஒரு மகிழுந்தின் வெற்றுக்கூடு நின்றது. கதவு இல்லை, கண்ணாடி இல்லை, இயந்திரமும் இல்லை. சுவரோரம் நாற்பது ஐம்பது பிளாஸ்டிக் டப்பாக்கள் வரிசையாக இருந்தன. ஒவ்வொன்றின் மேலும் தமிழில் எழுதி ஒட்டியிருந்தார்கள்: “முன் இடது சக்கரம்”, “கதவுக் கீல்”, “எங்கே என்று தெரியவில்லை”.

அது டொயோட்டா செலிக்கா. 1970ஆம் ஆண்டு இறுதியில் ஜப்பானில் அறிமுகமான இரு கதவு விளையாட்டு வகை மகிழுந்து. அதன் முதல் தலைமுறை 1977 வரை வந்தது. முன்பு வைத்திருந்தவர் அதைப் பிரித்துப் போட்டுவிட்டு, மீண்டும் பூட்டத் தெரியாமல் பல ஆண்டுகள் விட்டுவிட்டாராம். என் மாணவர் அதைக் கூடைகூடையாக லோரியில் ஏற்றி வந்திருக்கிறார். படம் எடுத்து வைக்கவில்லை, குறிப்பும் இல்லை. எந்தத் திருகாணி எந்தத் துளைக்கு உரியது என்பதை ஒவ்வொன்றாகப் பொருத்திப் பார்த்துத்தான் கண்டுபிடிக்க வேண்டும்.

“கழற்றுவது ஒரு வாரம், டீச்சர். பூட்டுவது மூன்று வருடம்,” என்றார் சிரித்துக்கொண்டே.

இந்த மாணவரை எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. நான்காம் ஆண்டில் படிக்கும்போது வகுப்புச் சுவர்க் கடிகாரத்தைக் கழற்றிப் பல்சக்கரங்களை மேசைமேல் பரப்பி வைத்தவர். நான் என்ன செய்தேன்? திட்டினேன். தந்தையை அழைத்துப் புகார் சொன்னேன். தேர்ச்சி அறிக்கையில் “கவனம் குறைவு” என்று எழுதினேன். இன்று அந்த டப்பாக்களைப் பார்த்தபோது வெட்கமாக இருந்தது. கவனம் குறைந்தவர் செய்யும் வேலையா இது?

அங்கே அவர் எனக்குக் காட்டியவற்றைச் சொல்கிறேன். நம் நாட்டு ஈரப்பதத்தில் இரும்பும் நீரும் காற்றும் சேர்ந்தால் துரு. கதவுக்குக் கீழே உள்ள தகட்டிலும் சக்கர வளைவிலும் மழைநீர் தேங்கும் இடங்களில்தான் அது முதலில் பிடிக்கிறது. மேலே சாயம் பூசி மறைத்தால் உள்ளே அரித்துக்கொண்டே போகும். ஆகவே துருப்பிடித்த பகுதியை வெட்டி எடுத்து, புதிய தகட்டை அளந்து, வளைத்துப் பற்றவைக்க வேண்டும். இது அறிவியல்.

இயந்திரத்தின் உருளைகள் தேய்ந்திருக்கின்றனவா என்று மில்லிமீட்டரின் நூறில் ஒரு பங்கு வரை அளக்கிறார். தீப்பொறி கொடுக்கும் பகுதியில் அரை மில்லிமீட்டருக்கும் குறைவான இடைவெளியை மெல்லிய தகட்டால் சரிபார்க்கிறார். இது நாம் ஐந்தாம் ஆண்டில் கரும்பலகையில் எழுதி மாரடிக்கும் தசமம். இயந்திரத் தலையின் திருகாணிகளை நடுவிலிருந்து வெளிப்பக்கமாக, முறை மாறாமல், படிப்படியாக இறுக்க வேண்டும். இல்லையேல் தலை கோணிப்போகும். நான்கு உருளைகளும் 1, 3, 4, 2 என்ற வரிசையில் எரிய வேண்டும். இது ஒழுங்குமுறை.

இவ்வளவும் தெரிந்த மகனைப் பற்றி அவருடைய தந்தை என்னிடம் என்ன சொன்னார் தெரியுமா? “என்ன செய்வது டீச்சர், படிப்பு வரவில்லை. காடி செய்துகொண்டு இருக்கிறான்.” மகன் காதில் விழும்படி சொன்னார். மகன் தலையைக் குனிந்து திருகாணியைத் துடைத்துக்கொண்டிருந்தார். அந்த நிமிடம்தான் இதை எழுத வேண்டும் என்று தோன்றியது.

கைத்தொழிலை இழிவாகப் பார்க்கும் மனம் நமக்கு எங்கிருந்து வந்தது? நம் பாட்டன்மார்களில் எத்தனை பேர் செந்தூல் இரயில்வே பட்டறையில் வேலை செய்தவர்கள்! பிரிக்பீல்ட்ஸ் இரயில்வே குடியிருப்புகளில் வாழ்ந்து, இந்நாட்டின் இரயிலை ஓட வைத்த கைகள் நம்முடையவை.

தமிழ்நாட்டின் ஜி.டி. நாயுடுவைப் பாருங்கள். கோவை அருகே கலங்கலில் 1893இல் பிறந்தவர். பள்ளிப்படிப்பை நிறைவு செய்யாதவர். வெள்ளைக்கார அதிகாரி ஒருவரின் மோட்டார் சைக்கிளைக் கண்டு வியந்து, உணவகத்தில் வேலை செய்து பணம் சேர்த்து அதை வாங்கினார். வாங்கி என்ன செய்தார்? முழுவதும் பிரித்து, மீண்டும் பூட்டிக் கற்றுக்கொண்டார். 1920இல் பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே பேருந்து ஓட்டத் தொடங்கினார். பிறகு மின் இயந்திரங்கள் செய்தார். தொழிற்கல்விக்கு வாரி வழங்கினார். அவர் என் வகுப்பில் இருந்திருந்தால் நான் என்ன எழுதியிருப்பேன் என்று நினைத்துப் பார்க்கிறேன்.

படிப்பை விட்டுவிடுங்கள் என்று நான் சொல்லவில்லை. படிக்கும் பிள்ளை படிக்கட்டும். ஆனால் கையால் சிந்திக்கும் பிள்ளையும் சிந்திக்கும் பிள்ளைதான். இதை ஏற்க மறுப்பது பெற்றோர் மட்டுமல்லர், ஆசிரியர்களாகிய நாமும்தான். யுபிஎஸ்ஆர் காலத்தில் வாழ்வியல் திறன் பாட நேரத்தைக் கணிதப் பயிற்சிக்கு எடுத்துக்கொண்டவர்களில் நானும் ஒருத்தி. யுபிஎஸ்ஆர் 2021இல் ஒழிக்கப்பட்டது. வடிவமைப்பும் தொழில்நுட்பமும் என்ற பாடம் கால அட்டவணையில் இருக்கிறது. பழைய பழக்கம் மட்டும் நம்மை விட்டுப் போகவில்லை.

ஆபத்தில்லையா என்று தாய்மார்கள் கேட்பீர்கள். இருக்கிறது. ஜாக்கியை மட்டும் நம்பி வண்டிக்கு அடியில் படுப்பது உயிருக்கு உலை வைக்கும். உறுதியான தாங்கிகள் வேண்டும். பழைய வண்டிகளின் தடுப்புக் கட்டைகளில் கல்நார் இருக்கலாம். அந்தத் தூசியை ஊதக்கூடாது. பெட்ரோல் ஆவிக்கு அருகில் தீப்பொறி ஆகாது. இவற்றைப் பெரியவர் ஒருவர் அருகில் நின்று சொல்லிக் கொடுக்க வேண்டும். சொல்லிக் கொடுக்காத பிள்ளைதான் திருட்டுத்தனமாகச் செய்து அடிபடும்.

பெற்றோர்களே, உங்கள் வீட்டில் பழுதான காற்றாடியோ மிதிவண்டியோ இருந்தால், மின்சாரத்தைத் துண்டித்துவிட்டுப் பிள்ளையிடம் கொடுங்கள். ஒரு நிபந்தனை: பிரிப்பவர் பூட்ட வேண்டும். ஒவ்வொரு பாகத்திற்கும் பெயர் எழுதி வைக்கட்டும். தொழிற்கல்லூரியைத் தோற்றவர்களின் புகலிடமாகப் பேசாதீர்கள். மலேசியத் திறன் சான்றிதழில் 4ஆம் நிலை டிப்ளோமா. 5ஆம் நிலை உயர் டிப்ளோமா. இது எத்தனை பெற்றோருக்குத் தெரியும்?

ஆசிரியர்களே, தொழில் வழிகாட்டி நாளுக்கு மருத்துவரையும் வழக்கறிஞரையும் அழைக்கிறோம். ஒரு முறையேனும் ஒரு பட்டறைக்காரரை அழைப்போம்.

கிள்ளான் மகிழுந்து இன்னும் ஓடவில்லை. இயந்திரம் பூட்ட வேண்டும், சாயம் அடிக்க வேண்டும், அதன் பின் சாலைப் போக்குவரத்துத் துறையின் சோதனைகளும் இருக்கின்றன. விடைபெறும்போது அந்தத் தந்தையிடம், “ஐயா, உங்கள் மகன் செய்வது படிப்புதான். பிழையாக எழுதியது நான்,” என்று சொன்னேன். அவர் ஒன்றும் பேசவில்லை. ஆனால் நான் வண்டியில் ஏறும்போது திரும்பிப் பார்த்தேன். கைவிளக்கைப் பிடித்துக்கொண்டு மகன் அருகில் நின்றிருந்தார்.

வரும் வாரம் என் வகுப்பிற்கு ஒரு பழைய சுவர்க் கடிகாரத்தையும் நான்கு திருப்புளிகளையும் கொண்டு போகிறேன். இம்முறை யாரையும் திட்டப் போவதில்லை.

சிந்திப்போம்.