போரில் உயிரிழந்த வீரர்களுக்கு அஞ்சலி: ஊருக்கு ஊர் தேதி மாறுவது ஏன்?

ஜூலை 26 கார்கில் வெற்றி நாள், டிசம்பர் 16 வங்கதேசப் போர் வெற்றி நாள். நாடு கொண்டாடுவது ஜெயித்த தேதியை. வீரரின் சொந்த ஊருக்கோ அவர் உயிரிழந்த தேதிதான் முக்கியம்.

தாம்பரத்துக்கு அது ஏப்ரல் 25. 2014-ல் அன்றுதான் மேஜர் முகுந்த் வரதராஜன் காஷ்மீரின் சோபியானில் வீரமரணம் அடைந்தார். அவரைப் போலவே பறங்கிமலையில் பயிற்சி பெற்ற மேஜர் பரமேஸ்வரன் இலங்கையில் உயிரிழந்தது 1987 நவம்பர் 25.

'அமரன்' படத்தால் முகுந்தை எல்லாருக்கும் தெரியும். படமாகாத வீரர்கள்? ஊர் மறந்தால் அந்தத் தேதி வீட்டுக்குள்ளேயே முடிந்துவிடும்.

நாம் என்ன செய்யலாம்? டிசம்பர் 7 கொடி நாளில் தரும் பணம், வீரர்களின் குடும்ப நலனுக்குத்தான் போகிறது. மாலை மறுநாளே வாடிவிடும். இந்த உதவி வருஷம் முழுக்க நிற்கும்.