வேலைக்குப் பக்கத்தில் வீடு, வீட்டுக்குப் பக்கத்தில் பஸ்



சென்னையில் அடையாறு, கூவம் கரைகளில் பல தலைமுறையாகக் குடியிருந்த குடும்பங்கள் 2015 வெள்ளத்துக்குப் பின் பெருமளவில் நகருக்கு வெளியே உள்ள பெரும்பாக்கத்துக்கு அனுப்பப்பட்டன. அங்கே எட்டடுக்குக் கட்டடங்களில் 20,000-க்கும் மேற்பட்ட வீடுகள் உள்ளன. கான்கிரீட் கூரை கிடைத்தது உண்மை. ஆனால் பிழைப்பு மயிலாப்பூரிலும் மந்தைவெளியிலும் சைதாப்பேட்டையிலும்தான் இருக்கிறது. வெள்ளத்துக்குப் பயந்து மாற்றப்பட்டவர்களுக்குக் கிடைத்ததும் பள்ளிக்கரணை சதுப்பு நிலத்தையொட்டிய தாழ்வான பகுதிதான். பெருமழை பெய்தால் அங்கும் தண்ணீர் நிற்கிறது.

வீட்டு வேலை செய்யும் பெண் ஒருவரின் காலைப்பொழுதைப் பாருங்கள். விடிந்ததும் மயிலாப்பூரில் வாசல் தெளித்து, பாத்திரம் துலக்க வேண்டும். முன்பு நாலு தெரு நடந்தால் போதும். இன்று ஏறத்தாழ 20 கிலோமீட்டர். 2021 முதல் சாதாரணக் கட்டண பஸ்ஸில் பெண்களுக்கு டிக்கெட் இல்லை. அது பெரிய உதவி. ஆனால் அந்த பஸ் நேரத்துக்கு வந்தால்தானே உதவி? காத்திருந்தால் வேலை போகும். ஷேர் ஆட்டோவில் ஏறினால் கூலி கரையும். இரண்டுக்கும் நடுவில் சிக்கி வேலையையே விட்டவர்கள் பலர்.

இது ஏழைகளின் பாடு மட்டுமல்ல. வாடகையும் அட்வான்ஸும் கட்டுப்படியாகாமல் நர்ஸும், கடை ஊழியரும், புதிதாக மணமானவர்களும் ஊருக்கு வெளியே வெளியே போகிறார்கள். ஊர் விரிய விரிய ஏரியும் வயலும் மனையாகின்றன. சாலையில் வண்டிகள் பெருகுகின்றன.

இன்னொரு பக்கம், ரயில் போகும் இடங்களில் இடம் வீணாகக் கிடக்கிறது. பறக்கும் ரயில் நிலையங்களின் பிரம்மாண்டக் கட்டடங்களில் பல தளங்கள் ஆண்டுக்கணக்கில் காலியாக உள்ளன. ரூ.63,246 கோடியில் மூன்று வழித்தடங்களாக உருவாகும் மெட்ரோ இரண்டாம் கட்டத்துக்கு 2024 அக்டோபரில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் அளித்தது. நிலையம் வரும் இடத்தில் நிலத்தின் விலையும் ஏறும். எளிய குடும்பங்களுக்கான வீடுகளை இப்போதே உறுதி செய்யாவிட்டால், பொதுப்பணத்தில் ஓடும் ரயிலுக்குப் பக்கத்தில் வசதியானவர்கள் மட்டுமே குடியிருப்பார்கள்.

ஆகவே அரசிடம் நாம் சேர்ந்து கேட்க வேண்டியவை:

1. ரயில், மெட்ரோ நிலையங்களிலிருந்து நடந்துபோகும் தூரத்தில் உள்ள அரசு நிலங்களில், நீர்நிலைகளைத் தொடாமல், குறைந்த வாடகை வீடுகள் கட்ட வேண்டும்.

2. பழைய குடிசை மாற்று வாரியக் குடியிருப்புகளை இடித்துக் கட்டும்போது, அங்கிருந்தவர்களுக்கு அங்கேயே வீடு தர வேண்டும்.

3. பெரும்பாக்கத்திலிருந்தும், அதைப் போன்ற மறுகுடியமர்வுப் பகுதிகளான செம்மஞ்சேரி, கண்ணகி நகரிலிருந்தும் அதிகாலையிலும் இரவிலும் சாதாரணக் கட்டண பஸ்களைக் கூட்ட வேண்டும். ரயில் நிலையங்களுக்கு இணைப்பு பஸ்கள் விட வேண்டும்.

சென்னையின் வளர்ச்சிக்கான இரண்டாம் முழுமைத் திட்டத்தின் (மாஸ்டர் பிளான்) காலம் 2026-உடன் முடிகிறது. மூன்றாவது திட்டம் அடுத்த இருபது ஆண்டுகளைத் தீர்மானிக்கும். இந்தக் கோரிக்கைகள் அதில் எழுத்தில் இடம்பெற வேண்டும்.

உங்களிடமும் ஒன்று கேட்கிறோம். உங்கள் தெருவில் சிறிய வீடுகள் கொண்ட அடுக்குமாடி வருகிறதென்றால், குடிநீர், கழிவுநீர் வசதி பற்றிக் கேள்வி கேளுங்கள். அது உங்கள் உரிமை. "அந்த மாதிரி ஆட்கள் இங்கே வேண்டாம்" என்று மட்டும் சொல்லாதீர்கள். உங்கள் வீட்டில் சமைப்பவரும், உங்கள் தெருவைக் கூட்டுபவரும், உங்கள் பெற்றோரை மருத்துவமனையில் கவனிப்பவரும்தான் அந்த ஆட்கள்.

வார்டுகளில் 2022 முதல் பகுதி சபைக் கூட்டங்கள் நடக்கின்றன. அடுத்த கூட்டத்துக்குப் பக்கத்து வீட்டாரையும் அழைத்துக்கொண்டு வாருங்கள். இந்த மூன்று கோரிக்கைகளையும் எழுதிக் கவுன்சிலரிடம் கொடுங்கள். கூட்டக் குறிப்பில் பதிவாகும்வரை எழுந்து போகாதீர்கள்.

இப்படிக்கு,
தென்சென்னைக் குடியிருப்போர் சிலர்