முகத்திற்கோ ஒப்போலை?

அமெரிக்காவின் இல்லினாய் மாநிலத்து ஏழு ஊர்களில் 1858-ஆம் ஆண்டு இலிங்கனும் தக்ளசும் சொற்போர் நிகழ்த்தினர். ஒவ்வொன்றும் மூன்று மணி நேரம்! அடிமைமுறை பற்றிய வழக்கினை மக்கள் திரண்டு கேட்டனர், சொல்லை எடையிட்டனர்.

1960 செபுதம்பர் 26-இல், குடியரசுத்தலைவர் வேட்பாளர்களாகிய கென்னடியும் நிக்சனும் சிக்காகோத் தொலைக்காட்சி நிலையத்தில் எதிர்நின்றனர். அன்று அவர்கள் கூறியவை எவை? நினைப்பார் அரியர். நிக்சனின் மோவாய் வியர்வையும் வெளிறிய முகமுமே இன்றளவும் பேசப்படுகின்றன! முழங்கால் நோயால் மருத்துவமனையில் கிடந்து மீண்டவர் வெளிறியது குற்றமா? நாடாளும் தகுதிக்கும் முகப்பூச்சிற்கும் என்ன தொடர்பு?

1976-இல் பிலதெல்பியாவில் போர்டும் கார்ட்டரும் சொற்போரிடுகையில் ஒலி அறுந்தது. 27 மணித்துளிகள் இருவரும் வாளா நின்றனர். சொல் போயிற்று, காட்சி போகவில்லை! தொலைக்காட்சிக்கு உருவமே போதும் என்பதற்கு வேறு சான்றும் வேண்டுமோ?

வள்ளுவர் சொல்வன்மைக்குப் பத்துக் குறள் வகுத்தார். முகப்பூச்சிற்கு ஒன்றும் வகுத்திலர். வேட்பாளரை அளப்போர் கண்ணை மூடிக் கேட்க! வினாவிற்கு நேர்விடை உண்டா? கூறியது மெய்யா? செய்து முடிக்க வழி உண்டா? இம் மூன்றே அளவுகோல். வென்றவர் இன்னாரெனப் பிறர் அறையுமுன் தாமே தேர்க! முகத்தைத் தேர்ந்த நாடு, பின்னர் ஆட்சியைக் கண்டு அழுவதில் பயனில்லை.