எண் அறியாதார் உரிமை எடுபடாது

உயர்தரப் பரீட்சைப் பெறுபேறுகள் வெளிவரும் நாளிலே நம் வீடுகளிற் கேட்கப்படும் கேள்வி ஒன்றேதான்: "மருத்துவமா, பொறியியலா?" இவ்விரண்டும் கிட்டாத பிள்ளைக்கு உற்றாரும் அயலாரும் அனுதாபம் தெரிவிக்கின்றனர். புள்ளிவிபரவியல் கற்கச் செல்பவன் வேறொன்றும் கிடையாமற் சென்றவன் என்றும், வடிவமைப்புக் கற்கச் செல்பவள் படம் வரையப் போனவள் என்றும் எண்ணப்படுகின்றனர். பொறியியல் கிடைத்த பிள்ளையைக் குறித்தோ, அவன் எந்த நாட்டிற்குச் செல்வான் என்பதே அடுத்த பேச்சு. இம்மனப்போக்கு நம் இனத்திற்கு விளைக்கும் கேட்டினைப் படித்த பெருமக்களும் கமக்காரப் பெருமக்களும் ஒருங்கே சிந்தித்தல் வேண்டும். அதற்காகவே இதனை எழுதுகின்றோம்.

நாம் மறவாத கதையொன்றிலிருந்து தொடங்குவோம். 1971ஆம் ஆண்டிலே பேராதனைப் பொறியியற் பீடத்திற் சேர்வதற்குச் சிங்கள மொழிமூல மாணவனுக்கு 227 புள்ளிகள் போதுமென்றும், தமிழ் மொழிமூல மாணவனுக்கு 250 புள்ளிகள் வேண்டுமென்றும் வரையறுத்தனர். தொடர்ந்து தரப்படுத்தல் வந்தது. 1974இல் மாவட்ட ஒதுக்கீடும் வந்தது. அந்த அநீதி ஆயுதம் தாங்கி வரவில்லை. கணக்கின் உடையணிந்து வந்தது. நாம் கூட்டங் கூட்டினோம். கண்டனத் தீர்மானங்கள் நிறைவேற்றினோம். அவை அனைத்தும் நியாயமானவையே. ஆயினும் அந்தக் கணக்கின் உள்ளே புகுந்து, அதன் பிழை இன்னதென்று பாமரருக்கும் விளங்க எடுத்துரைக்க வல்லார் நம்மிடையே போதிய தொகையினராய் இருந்தனரா? நெஞ்சில் கைவைத்து விடை கூறுவோமாக.

கணக்கைக் கணக்கினாலேயே வெல்லலாம் என்பதற்கு அண்மைக் காலத்திற் சான்றொன்று உண்டு. 2011ஆம் ஆண்டு உயர்தரப் பரீட்சையிலே பழைய பாடத்திட்டத்திற் படித்தோரும் புதிய பாடத்திட்டத்திற் படித்தோரும் தோற்றினர். இரு சாராரையும் ஒரே கூட்டமாகக் கொண்டு 'இசற்' புள்ளி கணிக்கப்பட்டது. வழக்கு உயர்நீதிமன்றம் சென்றது. இருவேறு வினாத்தாள்களுக்கு விடையெழுதிய இரு கூட்டத்தினரை ஒரே கூட்டமாகக் கொள்ளலாகாது. வெவ்வேறாகவே கணித்தல் வேண்டும் என்று 2012இல் தீர்ப்பாயிற்று. சட்டம் பயின்ற நாம் கூறுகின்றோம்: அவ்வழக்கின் உயிர்நிலை சட்டப் புத்தகத்தில் மட்டும் இருக்கவில்லை, புள்ளிவிபரவியலின் பாலபாடத்திலும் இருந்தது. அதனை அறியாத வழக்கறிஞர் அங்கே வாயடைத்து நின்றிருப்பார்.

இன்றைய அனுமதி முறையை நோக்குவோம். பெரும்பாலான கற்கைநெறிகளுக்கு 40 சதவீத இடங்கள் அகில இலங்கைத் திறமையின்படியும், 55 சதவீதம் மாவட்டச் சனத்தொகையின்படியும், 5 சதவீதம் கல்வியிற் பின்தங்கிய மாவட்டங்களுக்கும் வழங்கப்படுகின்றன. இம்முறையால் முல்லைத்தீவு, மன்னார், மட்டக்களப்பு, நுவரெலியா ஆகிய மாவட்டங்களின் ஏழைப் பிள்ளைகளும் நன்மையடைகின்றனர் என்பதை நேர்மையுடன் ஒப்புக்கொள்ளல் வேண்டும். ஆயின், மாவட்டப் பங்கு சனத்தொகையின்மேல் நிற்பது. 1981ஆம் ஆண்டின் பின்னர் நாடு முழுவதையும் தழுவிய தொகைமதிப்பு 2012வரை நடைபெறவில்லை. 2001இல் எடுக்கப்பட்ட தொகைமதிப்பு போரினால் வடக்குக் கிழக்கிற் பூர்த்தியாகவில்லை. முப்பத்தோராண்டு முற்றாக எண்ணப்படாதிருந்த மக்கள் நாம்! எண்ணப்படாத மக்களுக்குப் பாடசாலையும் வைத்தியசாலையும் ஒதுக்குபவர் எதனை அளவுகோலாகக் கொள்வார்?

இனி, வயலுக்கு வருவோம். இரணைமடுக் குளத்து நீரை யாழ்ப்பாணத்துக்குக் குடிநீராகக் கொண்டுசெல்லும் திட்டம் எழுந்தபோது கிளிநொச்சிக் கமக்காரர் எதிர்த்தனர். சிறுபோகத்திற்கே நீர் போதாதென்பது அவர் வாதம். குடிக்க நல்ல நீர் இல்லையென்பது குடாநாட்டார் வாதம். இரண்டும் நியாயமே. ஈற்றிலே கடல்நீரை நன்னீராக்கும் நிலையம் தாளையடியில் அமைக்கப்பட்டு 2024இல் திறக்கப்பட்டது. ஆனால், அந்த ஆண்டுகளிலே தமிழரும் தமிழரும் ஒருவரையொருவர் ஐயுற்றதை நாம் கண்டோம். குளத்திற்கு வரும் நீர் எவ்வளவு, வாய்க்காலில் வீணாவது எவ்வளவு, மழை பொய்க்கும் ஆண்டு எத்தனைக்கொன்று என்பவற்றை இரு சாராரும் நம்பத்தக்க முறையில், நம் மொழியில், நம்மவரே அளந்து முன்வைத்திருந்தால் அச்சண்டையிற் பாதி எழுந்திராது. 2018 டிசம்பரில் வெள்ளம் வந்து, குளத்தின் கதவுகள் திறக்கப்பட்ட நேரம் பற்றிச் சர்ச்சை மூண்டபோதும் இதே குறையே தலைகாட்டிற்று.

இத்தனைக்கும் அந்தக் குளத்தின் அயலிலேதான், அறிவியல் நகரிலே, யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் பொறியியற் பீடம் இருக்கின்றது. விவசாய பீடமும் அங்கேயே உள்ளது. 1950இல் இலங்கையின் முதற் பொறியியற் பீடம் தோன்றியது. நம் மண்ணில் ஒன்று தோன்றுவதற்கோ போர் முடியும்வரை காத்திருந்தோம். எத்தனையோ பேர் கேட்டும் கிடையாத பீடம் இன்று நம் கண்முன் நிற்கின்றது. நாடெங்கிலுமிருந்து மாணவர் அங்கு வருகின்றனர், அவர்களை வரவேற்போம். ஆயினும் பீடத்தின் மதிலுக்கும் வயலின் வரம்புக்கும் இடையிலுள்ள தூரம் இன்னும் குறைதல் வேண்டும்.

அத்தூரத்தைக் குறைத்துக் காட்டிய பெரியார் ஒருவர் நம்மிடையே வாழ்ந்தார். வடமராட்சியிற் பிறந்த பேராசிரியர் அ. துரைராஜா கேம்பிரிட்ஜிலே களிமண்ணின் இயல்பை ஆராய்ந்தவர். ரொஸ்கோ, ஸ்கோபீல்ட் என்போருடன் அவர் 1963இல் வெளியிட்ட கட்டுரை மண் பொறியியலின் அடிப்படை நூல்களோடு வைத்து எண்ணப்படுகின்றது. அத்தகையவர் போர்க்காலத்திலே யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத் துணைவேந்தராயிருந்து, 1994இல் மறையும்வரை இம்மக்களோடு வாழ்ந்தார். உலகம் போற்றும் பொறியியலறிவும் ஊருக்கு உழைக்கும் உள்ளமும் ஒருவரிடத்தே ஒருங்கிருத்தல் கூடும் என்பதற்கு இதனினும் வேறு சான்று வேண்டுமோ?

வடிவமைப்பைப் பற்றியும் ஒரு சொல். அது அலங்காரக் கலையென்று நினைப்பது அறியாமை. வெங்காயம் நடும் பெண் நாள் முழுதும் குனிந்து நிற்கின்றாள். பனையேறும் தொழிலாளி உயிரைக் கையிற் பிடித்து ஏறுகின்றான். அவர்தம் உடல் நோவைக் குறைக்கும் கருவியை ஆக்குவதும், நம் பனையோலைப் பொருள் வெளிச் சந்தையில் நல்ல விலை பெறுமாறு உருவாக்குவதும் வடிவமைப்பாளரின் பணியே. மொறட்டுவையில் வடிவமைப்புக்குப் பட்டப்படிப்பு உண்டு. அதற்குத் தனியான உளச்சார்புப் பரீட்சையும் உண்டு. அதனை நம் பாடசாலைகளில் எத்தனை அதிபர்கள் மாணவருக்கு எடுத்துரைக்கின்றனர்?

ஆகவே நாம் வேண்டுவன இவை. பெற்றோரே, எண்ணையும் வடிவத்தையும் கற்க விரும்பும் பிள்ளையைத் தடுக்காதீர். பேராசிரியப் பெருமக்களே, இறுதியாண்டு மாணவர் செய்யும் ஆய்வுகளிற் சிலவேனும் நம் குளத்தையும் கிணற்றையும் பற்றியனவாகுக. அவற்றின் முடிவுகள் இரண்டு பக்கத் தமிழில் கமக்காரர் அமைப்புகளுக்குச் சென்று சேர்க. கமக்காரரே, உங்கள் கிணற்று நீர்மட்டத்தையும் பெய்த மழையையும் ஒரு கொப்பியிற் குறித்து வையுங்கள். சுண்ணாம்புக் கல்லின் கீழுள்ள நீர் உவர்ப்பாகின்றதா, பசளையின் நைத்திரேற்று அதிற் கலக்கின்றதா என்பதை நாளை நிலைநாட்டப்போவது அந்தக் கொப்பியே. மக்கள் பிரதிநிதிகளே, பீடத்திற்கு ஆசிரியரும் ஆய்வுகூடமும் போதிய அளவு தருமாறு பாராளுமன்றத்தில் வாதாடுங்கள். அது சலுகையன்று, நாம் செலுத்தும் வரிக்கு உரிய பங்கு.

வழக்கு மன்றிலே பழகிய நாம் கண்ட உண்மை ஒன்றுண்டு. "எங்களுக்குப் பெருநட்டம் ஐயா" என்று வருபவரை நீதவான் இரக்கத்தோடு பார்ப்பார். "இத்தனை ஏக்கர், இத்தனை மூடை, இன்ன நாள்" என்று குறிப்போடு வருபவருக்கே நட்டஈடு வழங்குவார். ஓர் இனத்தின் வழக்கும் அத்தகையதே. நம் முறைப்பாடுகள் உண்மையானவை. அவற்றை எண்ணி, அளந்து, வரைந்து காட்டவல்ல இளைஞரை உருவாக்குவோமாயின், அவற்றைத் தட்டிக்கழிப்பது எந்த அரசுக்கும் எளிதாகாது.